நாய், பூனை உணவு ஆலைக்குப் பாய்வுப்படம்: தணிக்கைக்கா, தளத்துக்கா?

கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பிறகு வந்து படிப்பவர்களுக்கும் வசதி. நாய்க்கும் பூனைக்கும் உலர் உணவு, அதாவது கிபிள், தயாரிக்கும் சிறிய ஆலை ஒன்றை அமைக்கிறீர்கள். ஆலோசகர் முதல் வேலையாகப் பாய்வுப்படம் வரையச் சொன்னார். வரைந்துவிட்டீர்கள்: மூலப்பொருள் வரவு, அரைத்தல், கலத்தல், எக்ஸ்ட்ரூடர் (மாவை வேகவைத்து அழுத்தித் துளை வழியே தள்ளும் இயந்திரம்), உலர்த்தல், எண்ணெய்ப் பூச்சு, குளிர்வித்தல், பை நிரப்புதல், அனுப்புதல் என ஒன்பது பெட்டிகள், நடுவில் எட்டு அம்புகள். "இதைத் தணிக்கைக்காரரிடம் காட்டுவதைத் தவிர வேறு என்ன பயன்? உற்பத்தியைத் திட்டமிடவும் மேம்படுத்தவும் ஃப்ளோசார்ட் உண்மையிலேயே உதவுமா? எந்த மென்பொருளில் வரைவது?" என்று கேட்கிறீர்கள். நேர்க்கோட்டில் ஓடும் வரிசைக்குப் படம் எதற்கு, கண்ணுக்கே தெரிகிறதே என்ற சலிப்பும் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

உணவுப் பொறியியல் படித்துவிட்டுப் பதினேழு ஆண்டுகளாக எக்ஸ்ட்ரூடர் சத்தத்தில் வேலை பார்ப்பவன் நான். கிட்டத்தட்ட எல்லாமே உலர் உணவு. டின்னிலும் பவுச்சிலும் வரும் ஈர உணவில் என் அனுபவம் குறைவு, அதைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் மட்டும் சொல்வேன். நான் தரும் எண்கள் பொதுவான வரம்புகள். உங்கள் இயந்திரமும் ஃபார்முலாவும் டையும் (மாவு வெளியே வரும் துளைத் தட்டு) அவற்றை அங்குமிங்கும் நகர்த்தும்.

உங்கள் ஒன்பது பெட்டிகளில் தப்பு ஏதும் இல்லை. ஆனால் அது எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளின் படம். நட்டமும் புகாரும் மற்ற நாட்களில்தான் வருகின்றன, அந்த நாட்களுக்கு உங்கள் படத்தில் ஒரு கோடுகூட இல்லை. எட்டு அம்புகளும் முன்னோக்கியே போகின்றன. நான் பார்த்த எந்த ஆலையிலும் சரக்கு முன்னோக்கி மட்டும் போனதில்லை.

ஒரு சம்பவம். ஓர் ஆலையில் மதியத்துக்கு மேல் வரும் கிபிள் கனமாக இருந்தது. அடர்த்தியை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று பார்ப்போம். ஒரு லிட்டர் குவளையில் நிரப்பி, மேலே ஸ்கேலால் வழித்துவிட்டுத் தராசில் வைக்க வேண்டியதுதான். காலையில் 380 காட்டும் குவளை, மூன்று மணிக்கு 410-ஐத் தொடும். பையின் எடை சரியாகவே இருக்கும், ஆனால் சரக்கு கீழே அமர்ந்து பையின் தலைப்பகுதி தொளதொளவென்று நிற்கும். வாங்கியவர் அளவில் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். எக்ஸ்ட்ரூடர் ஆபரேட்டர்கள் நீராவி அழுத்தத்தைக் குறை சொன்னார்கள். பாய்லர் ஆட்கள் மாவு நைசாக அரைபடவில்லை என்றார்கள். இப்படியே இரண்டு வாரம் போனது. கடைசியில் ஒரு தாளும் பென்சிலுமாகப் போய்ச் சல்லடைக்குக் கீழே நின்றேன். உடைந்த கிபிளும் தூளும் சாக்கில் விழுந்துகொண்டிருந்தன. சாக்கு நிறைந்ததும் சுவரோரம் நகர்த்தினார்கள். மதியச் சாப்பாடு முடிந்து ஃபோர்க்லிஃப்ட் சும்மா நிற்கும் நேரத்தில், சேர்ந்திருந்த பன்னிரண்டு சாக்கும் ஒரே மூச்சில் மிக்சருக்குப் போயின.

அது எண்ணெய் பூசிய கிபிளின் தூள். எக்ஸ்ட்ரூடருக்குள் கொழுப்பு கூடினால் உராய்வு குறையும், மாவு டையை விட்டு வெளியே வரும்போது உப்பாது, கிபிள் கனமாகும். கொழுப்பில் பெரும்பகுதியை உள்ளே கலக்காமல் உலர்த்திய பிறகு வெளியே பூசுவதே இதற்காகத்தான். அந்த ஆலையின் பாய்வுப்படத்தில் இருபத்திரண்டு பெட்டிகள் இருந்தன, வண்ணம் வேறு அடித்திருந்தார்கள். சாக்கு மிக்சருக்குத் திரும்பும் அம்பு மட்டும் இல்லை. கன்வேயரில் போயிருந்தால் யாராவது வரைந்திருப்பார்கள். ஃபோர்க்லிஃப்டில் போனதால் எவர் கண்ணிலும் படவில்லை. ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரே அளவு தூள், அதற்கு மேல் ஒரு கிலோகூடக் கூடாது என்று எழுதி ஒட்டிய பிறகு குவளை அடங்கியது.

திரும்பிப் போகும் இந்தச் சரக்கை எங்கள் தொழிலில் ரீவொர்க் என்போம். உங்கள் படத்தில் முதலில் சேர்க்க வேண்டியது இதுதான். எக்ஸ்ட்ரூடரைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் வரும் அரைவேக்காட்டு மாவு, சல்லடைத் தூள், நிறம் மாறிய பேட்ச், கிழிந்த பை, ஆய்வக மாதிரியின் மிச்சம்: இவை ஒவ்வொன்றும் எங்கே போகின்றன, எதில் கலக்கின்றன, எவற்றைக் குப்பைக்கு அனுப்புகிறீர்கள் என்று தனித்தனி அம்பு வேண்டும். கோழி ஃபார்முலாவின் தூள் மீன் ஃபார்முலாவில் விழுந்தால், "கோழி சேர்க்காதது" என்று பையில் அச்சடித்த வார்த்தை பொய்யாகிவிடும். ஒவ்வாமை உள்ள நாய்க்கு அந்த வார்த்தையை நம்பித்தான் வாங்குகிறார்கள்.

லாட் எண்ணை (சரக்கு எந்தத் தொகுப்பு என்று காட்டும் எண்) தொடர்வதிலும் ரீவொர்க் கணக்கை உதைக்கும். இன்றைய தயாரிப்பில் 3 சதவீதம் நாளைக்குப் போகிறது, நாளையதில் 3 சதவீதம் மறுநாளுக்குப் போகிறது என்றால், இன்றைய கோழி இறைச்சி மாவு கணக்குப்படி என்றைக்கும் சங்கிலியில் இருந்துகொண்டே இருக்கும். ஒரு லாட்டில் கோளாறு தெரிந்தால் எதுவரை திரும்பப் பெறுவது என்று எவராலும் கோடு போட முடியாது. நாங்கள் ஒரு முறை ஒத்திகை பார்த்தபோது, குறிப்பிட்ட ஒரு பையில் எந்தெந்த நாள் வரவு சேர்ந்திருக்கிறது என்ற கேள்விக்கு ஆறு வாரத்து எல்லா லாட்டும் பதிலாக வந்தது. அன்றிலிருந்து வாரக் கடைசியில் ரீவொர்க்கை அடியோடு காலி செய்து, மிஞ்சியதை எறிந்துவிட்டு, புதிய வாரத்தைச் சுத்தமாகத் தொடங்கும் வழக்கம். படத்தில் அது ஒரு சின்னக் குறுக்குக் கோடு. அந்தக் கோட்டுக்காகக் கொஞ்சம் சரக்கை வீணாக்குகிறோமே என்று கணக்குப் பிரிவு முணுமுணுத்தது உண்மைதான்.

அடுத்தது வைரக் கட்டம், முடிவெடுக்கும் இடம். உங்கள் படத்தில் ஒன்றுகூட இல்லை. பலர் வரைவார்கள், ஆனால் உள்ளே "தரம் சரியா?" என்று எழுதிவிட்டு, "ஆம்" என்ற அம்பை அடுத்த பெட்டிக்கு விட்டுவிட்டு, "இல்லை" என்ற அம்பை "நடவடிக்கை எடுக்கவும்" என்ற பெட்டியில் கொண்டுபோய் முட்டவைப்பார்கள். அது பூசி மெழுகும் வேலை. கேள்வியில் ஓர் எண் வேண்டும், அளப்பவர் யார் என்பது வேண்டும், "இல்லை" என்றால் சரக்கு போய் நிற்கும் இடம் தளத்தில் கையால் தொட்டுக்காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். "உலர்த்தி வாசலில் ஈரம் 9 சதவீதத்துக்குள்ளா? ஷிப்ட் ஆய்வாளர், அரை மணிக்கு ஒருமுறை" என்பது கேள்வி.

மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உலோகம் இருந்தால் பையைத் தள்ளிவிடும், இல்லாவிட்டால் அனுப்பிவிடும் என்று எல்லோரும் வரைவார்கள். இரும்பு, இரும்பல்லாத உலோகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என மூன்று சோதனைத் துண்டுகளை வைத்து அந்த இயந்திரத்தையே இடையிடையே சோதிக்க வேண்டும். பத்து மணிச் சோதனையில் தேறியது, பன்னிரண்டு மணிச் சோதனையில் ஸ்டெயின்லெஸ் துண்டைக் கோட்டைவிட்டது என்று வையுங்கள். நடுவில் போன இரண்டு மணி நேரச் சரக்கு முழுவதும் இப்போது சந்தேகத்தில். அது லாரியில் ஏறியிருந்தால்? இந்த "இல்லை" அம்பு வரைகிறவரைக் கிடங்கு வரை இழுத்துக்கொண்டு போகும். கடைசிச் சோதனை தேறும்வரை சரக்கை லாரியில் ஏற்றக்கூடாது என்ற விதி அங்கேதான் பிறக்கிறது. எனக்குத் தெரிந்து பாதி ஆலைகளில் அந்த விதி எழுதப்பட்டதே யாரோ இந்த அம்பை வரைய முயன்றபோதுதான்.

வரைந்த பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வழிகாட்டுதலில், உணவு ஆபத்துகளை முன்கூட்டியே கண்டு தடுக்கும் ஹேசப் (HACCP) திட்டத்துக்குப் பன்னிரண்டு படிகள் உண்டு. நான்காவது படி பாய்வுப்படம் வரைவது. ஐந்தாவது படி அந்தப் படத்தைத் தளத்தில் வைத்துச் சரிபார்ப்பது. ஆபத்துகளைப் பட்டியலிடுவது ஆறாவதில்தான் தொடங்குகிறது. சரிபார்ப்புக்கென்றே ஒரு முழுப் படியை ஒதுக்கியிருப்பது சும்மா இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபவருக்குக் கையேடு தெரியும், தளம் தெரியாது. படத்தை எடுத்துக்கொண்டு சரக்கு போகும் திசைக்கு எதிராக நடங்கள், பை நிரப்பும் இடத்திலிருந்து பின்னோக்கி. "இது எங்கிருந்து வந்தது?" என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டால், படத்தில் இல்லாத வாசல்கள் தெரியும். முன்னோக்கி நடந்தால் நம் மனம் பெட்டிக்குப் பெட்டி தாவிவிடும். இரவு ஷிப்டிலும் ஒருமுறை நடங்கள். பகலில் மூடியிருக்கும் பைபாஸ் கேட் இரவில் திறந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். கூலர் அடைத்துக்கொள்கிறது, ஆட்கள் குறைவு, கூலரைச் சுற்றி அனுப்பிவிடுகிறார்கள். சூடு ஆறாத கிபிள் பைக்குள் போனால் உள்பக்கம் வியர்க்கும், அந்த ஈரத்தில் இரண்டு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். பைக்குள் போகும் கிபிள் சுற்றுப்புறத்தைவிட ஐந்தாறு டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக்கூடாது என்பது எங்கள் பழக்கம்.

இங்கே ஒரு பழைய கதை பயன்படும். வேலையைக் குறியீடுகளால் வரையும் பழக்கத்தை ஃபிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் தம்பதி 1921-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் முன்வைத்தார்கள். அதே சங்கம் 1947-ல் ஐந்து குறியீடுகளைத் தரப்படுத்தியது: செய்கைக்கு வட்டம், நகர்த்தலுக்கு அம்பு, சோதனைக்குச் சதுரம், இருப்புக்குத் தலைகீழ் முக்கோணம், காத்திருப்புக்கு ஆங்கில டி எழுத்தின் வடிவம். இன்று எல்லோரும் வரையும் செவ்வகமும் வைரமும் கணினிக்காரர்கள் பரப்பியவை. அவற்றில் காத்திருப்புக்கென்று தனி அடையாளம் இல்லை. கணினியில் தரவு கெட்டுப்போவதில்லை, ஆகவே அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. நம் ஆலையில் காத்திருக்கும் சரக்கு கெடும். எக்ஸ்ட்ரூடருக்கு முன்னால் இருக்கும் ப்ரீகண்டிஷனரில் நீராவி பட்ட ஈர மாவு, வரிசை நின்றதால் அரை மணி அங்கேயே கிடந்தால் கிருமிக்கு விருந்து. திறந்த டேங்க்கில் நிற்கும் கோழிக் கொழுப்பு சிக்குவாடை பிடிக்கும். அதனால் என் படங்களில் செவ்வகமும் வைரமும் இருந்தாலும், முக்கோணத்தையும் டி வடிவத்தையும் கடன் வாங்கிச் சேர்த்துக்கொள்கிறேன், பக்கத்தில் அதிகபட்ச நிமிடத்தையும் எழுதி. கலப்படமான இலக்கணம்தான், தளத்தில் யாரும் குறை சொன்னதில்லை.

மேம்படுத்துவது பற்றிக் கேட்டீர்கள். பெட்டிகளுக்குள் எழுதுவதைவிட அம்புகளின் மேல் எழுதுவதில்தான் அந்தப் பலன் இருக்கிறது. ஒவ்வொரு அம்பின் மேலும் இரண்டு எண்: மணிக்கு எத்தனை கிலோ, ஈரம் எத்தனை சதவீதம். எக்ஸ்ட்ரூடரிலிருந்து 25 சதவீத ஈரத்தோடு 1000 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் உலர்பொருள் 750 கிலோ. உலர்த்தி அதை 8 சதவீதத்துக்கு இறக்கினால் வெளியே வருவது 815 கிலோ. 185 கிலோ தண்ணீர் ஆவியாகிவிட்டது. எண்ணெயும் சுவையூட்டியும் சேர்த்து 90 கிலோ பூசினால் 905. இதே சரக்கை 9 சதவீதத்தில் நிறுத்தியிருந்தால் உலர்த்தியிலிருந்து 824 கிலோ வந்திருக்கும். ஒரு சதவீத ஈரம், ஆயிரத்துக்கு ஒன்பது கிலோ, அதோடு அந்த ஒன்பது கிலோ தண்ணீரை விரட்டச் செலவான எரிபொருள். ஆண்டு முழுக்க ஓடும் வரிசையில் இது சின்னத் தொகை அல்ல.

உடனே 9-க்கு மாற்றிவிடாதீர்கள். 8 என்று காட்டுவது சராசரி. உலர்த்தியின் பெல்ட்டில் ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசம் இருக்கும். சராசரி 8 என்றால் ஒரு பக்கம் 6, மறுபக்கம் 10 என்று இருக்கலாம். பூஞ்சை சராசரியைப் பார்த்து வளர்வதில்லை, ஈரமான அந்த ஒரு கிபிளில் வளரும். பாதுகாப்புக்கு நாம் பார்ப்பது, கிருமிக்குக் கிடைக்கும் தண்ணீரைக் காட்டும் நீர்ச் செயல்பாடு என்ற அளவை, அது 0.65-க்குக் கீழே இருந்தால் வழக்கமான பூஞ்சைகள் தலைதூக்காது. ஆகவே முதலில் பெல்ட்டில் படுகை சீராகப் பரவும்படி செய்து ஏற்ற இறக்கத்தைக் குறைக்க வேண்டும், பிறகுதான் இலக்கை ஏற்றலாம். இந்த ஏற்ற இறக்கத்தைப் பாய்வுப்படம் காட்டாது. படம் எங்கே அளக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். அங்கே அளந்த எண்களைக் கட்டுப்பாட்டு வரைபடத்தில் (அளந்த எண்களை நேரவாரியாக, வரம்புக் கோடுகளோடு குறிக்கும் படம்) போட்டுத்தான் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க முடியும்.

அம்பில் கிலோவை எழுதுவதில் இன்னொரு லாபம், முட்டுக்கட்டை தெரிந்துவிடும். பை நிரப்பும் இடத்தில் ஆட்கள் ஓடி ஓடி வேலை செய்வதைப் பார்த்து அங்கே வேகமான இயந்திரம் வாங்கத் தோன்றும். படத்தில் உலர்த்தி மணிக்கு 1,600 கிலோவைத் தாண்டாது என்று எழுதியிருந்தால் அந்தச் செலவு வீண் என்று ஒரு பார்வையில் புரியும். நிரப்புகிறவர்கள் ஓடுவது இயந்திரம் மெதுவாக இருப்பதால் இருக்காது. முந்தைய இருப்புத் தொட்டி சின்னதாக இருந்து, சரக்கு விட்டுவிட்டு மொத்தமாக வருவதால் இருக்கலாம். ஒவ்வொரு கட்டத்தின் தேறலையும் (உள்ளே போனதில் நல்ல சரக்காக வெளியே வரும் பங்கு) எழுதிப் பெருக்கிப் பாருங்கள். நான்கு கட்டங்களில் 98, 97, 99, 96 சதவீதம் என்றால் தனித்தனியே பார்க்கும்போது எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. பெருக்கினால் 90 சதவீதம் சொச்சம். பத்தில் ஒரு பங்கு எங்கோ கழிந்துவிட்டது.

ஆலையை இன்னும் கட்டி முடிக்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் இன்னொரு காரியம் இப்போதே செய்யலாம், பிறகு செய்வது படாத பாடு. சரக்கின் பாதையைத் தரைப்படத்தின் மேல் வரையுங்கள். அதே தாளில் வேறு வேறு நிறத்தில் ஆட்களின் பாதை, ஃபோர்க்லிஃப்டின் பாதை, காற்று போகும் திசை, குப்பையின் பாதை. எக்ஸ்ட்ரூடருக்கு முன்னால் இருப்பது வேகாத பக்கம், பின்னால் இருப்பது வெந்த பக்கம். இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் எந்த நிறக் கோடு குறுக்கே போனாலும் அங்கே ஒரு வட்டம் போடுங்கள். உலர் செல்லப்பிராணி உணவில் சால்மோனெல்லா வரும் வழிகளில் முக்கியமானது, வெந்த சரக்கின் மேல் பிறகு வந்து ஒட்டுவது. கூலர் உறிஞ்சும் காற்று கோழி மாவு கொட்டும் இடத்திலிருந்து வந்தால் போதும், ஒரே தூசியில் எல்லா உழைப்பும் வீண். காய்ந்த கிபிளில் அந்தக் கிருமி பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் செத்துப்போகாமல் கிடக்கும். நாய்க்கு உணவு எடுத்துவைக்கும் குழந்தையின் கைக்கும் போகும். கட்டடம் எழும்பிய பிறகு சுவரை நகர்த்த முடியாது, பென்சில் கோட்டை அழிக்கலாம்.

இவ்வளவும் ஓரளவு திட்டவட்டமாகச் சொல்லக்கூடியவை. எக்ஸ்ட்ரூடரைக் கிருமி கொல்லும் கட்டம் என்று படத்தில் குறிப்பது பற்றித் தொழிலில் ஒருமித்த பழக்கம் இல்லை. ப்ரீகண்டிஷனரில் 85 முதல் 95 டிகிரி செல்சியஸ், எக்ஸ்ட்ரூடரின் பீப்பாய் போன்ற உருளையில் 110 முதல் 150 வரை போகும்போது சால்மோனெல்லா செத்துவிடும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் உங்கள் இயந்திரத்தில், உங்கள் வேகத்தில், உங்கள் கொழுப்பு அளவில் அது நடக்கிறது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். தீங்கற்ற மாற்றுக் கிருமியை மாவில் கலந்து ஓட்டி, எத்தனை உயிரோடு வருகிறது என்று எண்ணுவார்கள். அதைச் செய்யாமல் பெட்டிக்குச் சிவப்பு மை பூசுவதில் பொருளில்லை. மாவரைப்பதில் சல்லடைக் கண் டை துளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது போன்ற சட்டங்களும் பட்டறிவுதான். நல்ல பட்டறிவு, ஆனால் இயற்பியல் விதி அல்ல.

படத்தால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். 2007-ல் வட அமெரிக்காவில் ஏராளமான நாய், பூனை உணவுகள் திரும்பப் பெறப்பட்டன. இறக்குமதியான கோதுமை குளூட்டனில் மெலமின் கலந்திருந்தது. சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்து அது சிறுநீரகத்தில் படிகமாகி விலங்குகளைக் கொன்றது. புரதத்தை நேரடியாக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறோம். மெலமின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஆகவே ஒரு கிலோ மெலமின் நான்கு கிலோவுக்கு மேல் புரதம் போல வேஷம் போடும். வரவு வாசலில் "புரதம் போதுமா?" என்ற வைரக் கட்டம் இருந்தால், அது "ஆம்" என்றே சொல்லியிருக்கும். அம்பு சரி, கட்டம் சரி, கேள்விதான் ஏமாந்தது. 2019-ல் டின் நாய் உணவு பெருமளவில் திரும்பியதும் இதே ரகம். பிரீமிக்ஸில் (முன்கூட்டியே கலந்து வாங்கும் வைட்டமின் கலவை) வைட்டமின் டி மிதமிஞ்சி இருந்தது, அதற்குப் பின்னால் எந்தக் கட்டமும் அதை அளக்கவில்லை. பூனைகளின் இதயத் தசை நோய்க்கும் டாரின் என்ற சத்தின் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பு 1987-ல் தெரியவந்தது. அதற்கு முன் ஆலைகள் ஃபார்முலாவைப் பிசகாமல் பின்பற்றியே அந்த உணவைச் செய்தன. ஃபார்முலா தப்பென்றால் படம் அந்தத் தப்பை ஒழுங்காக நிறைவேற்ற மட்டும் உதவும். அதற்குக் கால்நடை ஊட்டச்சத்து வல்லுநர் வேண்டும், என்னைப் போன்றவர் போதாது.

படத்தால் முடிவதற்கும் முடியாததற்கும் நடுவில் நிற்கிறது அஃப்ளடாக்சின். மக்காச்சோளத்தில் வரும் இந்தப் பூஞ்சை நஞ்சுக்கு அமெரிக்காவில் செல்லப்பிராணி உணவில் வரம்பு 20 பிபிபி, அதாவது நூறு கோடியில் 20 பங்கு. எக்ஸ்ட்ரூடர் வெப்பத்தில் அது முழுவதும் அழியாது, பின்னால் எந்தக் கட்டத்திலும் அழியாது. ஆக, முழுப் படத்திலும் அதற்கு ஒரே வாசல், லாரி வந்து நிற்கும் இடம். அந்த வாசலிலும் ஒரு சிக்கல்: நஞ்சு லோடு முழுக்கப் பரவியிருக்காது, ஒரு மூலையில் குவிந்திருக்கும். ஒரே இடத்தில் கை விட்டு எடுத்த மாதிரி எதையும் நிரூபிக்காது. உங்கள் படத்தில் "மூலப்பொருள் வரவு" ஒரு பெட்டி; அதை உடைத்தால் லாரியில் எத்தனை இடத்தில் மாதிரி எடுப்பது, அரைத்துக் கலந்து சோதிப்பது யார், முடிவு வரும்வரை லாரி எங்கே நிற்கும், சைலோவில் இறக்கிவிட்டால் பிறகு எப்படிப் பிரிப்பது என்று ஏழெட்டுப் பெட்டிகள் வரும். மற்ற பெட்டிகளை இப்படி உடைக்க அவசரமில்லை. இதை இன்றே உடையுங்கள்.

ஈர உணவு பற்றி: டின்னில் முக்கியமான கட்டம் ரிட்டார்ட், அதாவது மூடிய டின்களை அழுத்தத்தில் வேகவைக்கும் கலன். குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினத்தைக் கொல்ல, டின்னின் நடுப்பகுதி 121 டிகிரியில் மூன்று நிமிடத்துக்குச் சமமான வெப்பத்தையாவது பெற வேண்டும். அங்கே படத்தில் மிகவும் ஆபத்தான கோளாறு, வேகாத கூடையும் வெந்த கூடையும் ஒரே இடத்தில் நிற்பது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒருவழிப் பாதை போட்டு, வெப்பத்தில் நிறம் மாறும் ஒட்டியைக் கூடையில் ஒட்டுவார்கள். இதற்கு மேல் அந்தத் தொழிலில் இருப்பவரிடம் கேளுங்கள்.

கடைசியாக மென்பொருள். முதல் மூன்று வடிவங்களைப் பென்சிலில் வரையுங்கள், பெரிய தாளில், மிக்சர் ஆபரேட்டரையும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கணினியில் அழகாக இருக்கும் படத்தைத் திருத்த அவர்கள் கூச்சப்படுவார்கள். பென்சில் படத்தில் விரல் வைத்து "இது இப்படி இல்லை சார்" என்பார்கள். சரியான பிறகு எந்த மென்பொருளிலும் ஏற்றிக்கொள்ளலாம், இலவசமானதே போதும். தேதியும் திருத்த எண்ணும் போட்டு ஒரு பிரதியைக் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் மாட்டுங்கள். பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். வரிசை எங்கே நின்றாலும், எங்கே சரக்கு சிந்தினாலும், ஆபரேட்டர் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கட்டும். ஒரு மாதம் கழித்து எந்தப் பெட்டி சிவந்திருக்கிறதோ அங்கிருந்து மேம்படுத்தத் தொடங்குங்கள். எங்கள் ஆலையில் முதல் மாதம் சிவந்தது எக்ஸ்ட்ரூடராக இருக்கும் என்று நான் பந்தயம் கட்டியிருந்தேன். பதினொரு புள்ளிகள் விழுந்தது எண்ணெய் டேங்க்கின் வடிகட்டியில். அது என் படத்தில் பெட்டியாகக்கூட இல்லை, ஆபரேட்டர்தான் ஓரத்தில் சிவப்பாலேயே ஒரு சின்னக் கட்டம் வரைந்து புள்ளி வைத்திருந்தார்.